செர்ரி பியர் கணக்கில் வராது

பியர் என்றால் கசக்க வேண்டும். கசக்காத பியரை ஒருவன் எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு வீடு தேடி வந்து கொடுத்தான். பெயர் பிராங்கிளின். என் மகள் சில்வியாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். ஈஸ்டர் முடிந்து வருகிற புதன்கிழமை கல்யாணம். அவன் அந்தக் கண்றாவியைத் தூக்கிக்கொண்டு வந்தது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம்.

பையன் திருவொத்தியூரில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் பேச்சைக் கேட்டால் ஏதோ அடையாறில் ஏர் கண்டிஷனுக்குள் பெற்றுப் போட்டதுபோல இருக்கும். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலில் பார் மேனேஜர். அதாவது குடிக்கிறவனுக்கு ஊற்றிக் கொடுக்கிற வேலை. எங்கள் ஏரியாவில் அதை லுங்கி கட்டினவன் செய்கிறான், இவன் டை கட்டிக்கொண்டு செய்கிறான். என்னை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவான். மாமா என்றால் வாய் வெந்துவிடும் போலிருக்கிறது.

நான் செல்வநாதன். ராயபுரம். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறேன். வேலைக்குப் போகும்போது ஒரு சொட்டு தொட்டதில்லை. தொடவும் முடியாது. கேட்டிலேயே செக்யூரிட்டி ஒரு மெஷினை நீட்டி ஊதச் சொல்வான். சிவப்பு எரிந்தால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. ஷிப்ட் முடிந்த பிறகு என் வாயை மோந்து பார்க்க எவனுக்கும் உரிமை இல்லை என்பது என் சட்டம்.

அந்தச் சட்டத்தை என் மகள் உடைத்தாள். தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"டாடி, கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் நீதான் என் கைய புடிச்சிகினு வரணும். எனக்கு அவ்ளோ ஆசை. ஆனா இன்னிலேர்ந்து கல்யாணம் வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது. போச்சுன்னா அலெக்ஸ் மாமாதான் என்னைக் கூட்டிகினு வருவாரு. சொல்லிட்டேன்."

அவள் எதை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவளுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன் போட்ட ஒவ்வொரு பிள்ளையையும் அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போக வேண்டும். நான் காலையிலேயே இரண்டு ரவுண்டு போட்டுவிட்டுப் போனேன். சந்தோஷத்தில் போட்டதுதான், துக்கத்தில் இல்லை. கோயில் உபதேசியார் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். பிள்ளை ஒரு கையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மறு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து போனதை நான் ஒரு தூணோரம் நின்று பார்த்தேன்.

அலெக்ஸ் மாமா என்கிறாளே, அந்த அலெக்ஸாண்டர் என் பெண்டாட்டி பிலோமியின் அண்ணன். கோயில் பங்குப் பேரவையில் ஏதோ உறுப்பினர். டீயைக்கூட ஆற வைத்துத்தான் குடிப்பான். சூடு வயிற்றுக்கு ஆகாதாம். ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்கும்போது ஆண்டவரே இவனிடம் அனுமதி கேட்டுத்தான் பேசியதுபோலப் படிப்பான். என் பெண்ணின் கையை அந்த ஆறின டீ பிடிப்பதா? செத்தாலும் விடமாட்டேன் என்றேன். சத்தியம் பண்ணினேன்.

சத்தியத்தை நம்பும் பெண்ணா அவள்? டோல்கேட் பக்கம் ஒரு லேபில் ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்கிற வேலை. துறைமுகக் கேட்டில் மெஷின் இருப்பது மாதிரி வீட்டிலும் ஒரு சோதனை வைத்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, "ஊது டாடி" என்பாள். நான் 'ஹா' என்று ஊதுவேன். "பாஸ்" என்பாள். முதல் வாரம் எனக்கு ரத்தம் கொதித்தது. அப்புறம் அந்த 'பாஸ்' இல்லாமல் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. முப்பத்தெட்டு நாள் ஊதினேன். முப்பத்தெட்டு நாளும் பாஸ்.

முப்பத்தொன்பதாவது நாள்தான் பிராங்கிளின் வந்தான். அம்மாவும் பெண்ணும் எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். அவன் கையில் அட்டைப் பிடி போட்ட நாலு சின்ன பாட்டில். இன்னொரு பையில் துணி சுற்றி இரண்டு கண்ணாடி கிளாஸ். கிளாஸையும் கையோடு கொண்டு வந்திருந்தான். எங்கள் வீட்டில் டம்ளருக்கு வழியில்லை பாருங்கள்.

"அங்கிள், சில்வியாவுக்குச் சொல்லாதீங்க. சர்ப்ரைஸ். ரிசப்ஷன்ல கேக் கட் பண்ணிட்டு டோஸ்ட் பண்ணுவோம்ல? எல்லாரும் வைன்தான் வெப்பாங்க. நான் இதை வெக்கலாம்னு பாக்கறேன். செர்ரி பியர். பெல்ஜியன் ஸ்டைல். நீங்க டேஸ்ட் பண்ணி ஓகே சொல்லணும்."

"பெல்ஜியத்துலேர்ந்து வந்துதா?"

"இல்ல அங்கிள், கோவாவுல பண்றாங்க. ஸ்டைல்தான் பெல்ஜியம்."

வெளங்கிடும் என்று நினைத்துக்கொண்டேன். பெல்ஜியம்கூட இல்லை, பெல்ஜியம் மாதிரி.

என் விஷயம் அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. அப்பன் குடிகாரன் என்று கட்டிக்கப் போகிறவனிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும். நானும் மறைக்கத்தான் பார்த்தேன்.

"தபசு காலம் மாப்ள. நான் தொடறதில்ல" என்றேன். அதைச் சொன்னேன். அதை மட்டும் யாரும் மறந்துவிடக்கூடாது.

"அங்கிள், இது சரக்கே இல்ல. லேடீஸ்லாம் ஜூஸ் மாதிரி குடிப்பாங்க. அஞ்சு பர்சென்ட்கூட வராது. அந்தப் பக்கத்துல மடத்து சாமியாருங்களே பியர் காய்ச்சுவாங்க, தெரியுமா? தபசுல சோத்துக்குப் பதிலா அதைத்தான் குடிச்சாங்கன்னு சொல்வாங்க."

ஒரு வாய் பார்த்துக் கருத்துச் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது? பெண்ணின் கல்யாணத்துக்கு வைக்கிற பண்டம். பிரியாணியில் உப்புப் பார்ப்பதில்லையா?

அவன் ஊற்றின அழகு இருக்கிறதே! கிளாஸைச் சாய்த்து, பிறகு நிமிர்த்தி, நுரை இத்தனை விரல்கடை நிற்க வேண்டும் என்று விளக்கம் வேறு. நுரை ரோஸ் கலர். முப்பது வருஷம் குடித்தவன் நான், ரோஸ் கலரில் நுரைத்த எதையும் வாயில் வைத்ததில்லை. துணிக்கு ராபின் ப்ளூ போட்ட பக்கெட் நீலமாக நுரைப்பதையாவது ஒத்துக்கொள்ளலாம்.

"உடனே குடிச்சிடாதீங்க அங்கிள். முதல்ல மோந்து பாருங்க. என்னா வருது?"

மோந்தேன். "கேக்கு" என்றேன்.

"சூப்பர்! செர்ரி, லேசா பாதாம். இப்ப ஒரு சிப். வாய்க்குள்ள உருட்டுங்க."

உருட்டினேன். என்ன சொல்ல? சின்ன வயதில் இருமலுக்கு ஒரு சிவப்பு மருந்து கொடுப்பார்களே, அதில் சோடாவைக் கலந்தது போல. கடைசியில் லேசாக ஒரு புளிப்பு. கசப்பு என்கிற பேச்சே இல்லை. செர்ரியாம் செர்ரி. எங்கள் ஊர் பேக்கரியில் கேக்கின் மேல் செர்ரி என்று வைப்பதே சாயம் ஏற்றின களாக்காய். நிஜச் செர்ரியை இவனும் பார்த்திருக்க மாட்டான், நானும் பார்த்ததில்லை. ஆனால் பிராங்கிளின் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பரலோகம் கதவைத் திறந்துவிட்டது மாதிரி தலையாட்டினான்.

"எப்படி அங்கிள்?"

"கொயந்தைங்களுக்கு நல்லா இருக்கும்" என்றேன்.

அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்! சிரித்தான். வண்டி ஓட்ட வேண்டும் என்று தன் கிளாஸில் இரண்டு வாயோடு நிறுத்தி மீதியை என் கிளாஸில் ஊற்றினான். குடிக்கிறதையே தொழிலாக வைத்திருக்கிறவன் இரண்டு வாயில் நிறுத்துகிறான். இதெல்லாம் ஒரு ஆம்பளையா என்று தோன்றியது. காலி பாட்டிலையும் கிளாஸையும் பையில் போட்டுக்கொண்டு, மிச்சம் மூன்று பாட்டிலை மேஜையில் விட்டுவிட்டு, "ஆற அமர டேஸ்ட் பண்ணிட்டுச் சொல்லுங்க அங்கிள்" என்று கிளம்பிப் போனான்.

மின்விசிறிக்குக் கீழே நானும் மூன்று பாட்டிலும். எனக்கு அதைக் குடிக்க ஆசையே இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் ஒரு கிளாஸை வைத்து ஒரு சரக்கை மட்டம் என்று சொல்வது நியாயம் இல்லையே. இரண்டாவதை உடைத்தேன். அதே இருமல் மருந்து. மூன்றாவதை, இரண்டாவதில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று உடைத்தேன். நாலாவதை எதற்கு உடைத்தேன் என்று கேட்டால், மூன்று குடித்தும் தலையில் ஒரு சுள்ளென்று இல்லை, ஒரு மிதப்பு இல்லை, அந்த ஆத்திரத்தில் உடைத்தேன். தூ! இதைக் குடித்துச் சத்தியம் உடைந்தது என்றால், அந்தச் சத்தியத்துக்கே கேவலம். இது கணக்கில் வராது. மோர் குடித்தவனைக் குடிகாரன் என்பார்களா? காலி பாட்டில்களைப் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கணக்கில் வராததை ஏன் ஒளித்தாய் என்று கேட்காதீர்கள். பெண்கள் தொணதொணப்பார்கள், அதனால்.

ஐந்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். கை கொள்ளாத பை. சில்வியா செருப்பைக் கழற்றிய கையோடு வந்து முகத்தை நீட்டினாள்.

"ஊது டாடி."

ஊதினேன். அவள் மூக்கு சுருங்கியது.

"இன்னா இது, கேக்கு வாசன வருது?"

"பிராங்கிளின் வந்தாப்ல. ஜூஸ் எட்த்தாந்தாப்ல. செர்ரி ஜூஸு."

"எனுக்கு ஒரு வாய் வெச்சியா நீ? பாஸு, போ" என்று சிரித்துக்கொண்டே தோளில் தட்டினாள்.

லேபில் வேலை பார்க்கிற மூக்காம்! எனக்கு உள்ளுக்குள் கெக்கலிப்பாக இருந்தது. பிலோமி பையைப் பிரித்தாள். எனக்காக ஒரு கோட். நேவி ப்ளூ, ரெடிமேட். சில்வியா அதை எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். தோளை இழுத்துப் பார்த்தாள், பட்டன் போட்டாள், இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"மம்மி, பாரேன். கலெக்டர் மாதிரி கீறாரு."

"ஆமாண்டி, வாயத் தொறக்காம இருந்தா" என்றாள் பிலோமி. ஆனால் அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

அத்தோடு நான் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இனிப்பு வாயை விட்டுப் போகவில்லை. தண்ணீர் குடித்தேன், உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், ஊறுகாயை நக்கினேன். அடித்தொண்டையில் அந்தச் செர்ரி பசை போட்டு ஒட்டியிருந்தது. நினைக்க நினைக்க எரிச்சல். முப்பத்தெட்டு நாள் வாயைச் சுத்தமாக வைத்திருந்ததற்கு இந்த ரோஸ்மில்க்குதானா பரிசு? ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கல்மண்டபம் பக்கம் நடந்தேன். டீக்கடையைத் தாண்டினேன். டாஸ்மாக்கில் நின்றேன்.

கொப்பளிக்கத்தான் வாங்கினேன். ஒரு குவார்ட்டர். முதல் வாயைக் கொப்பளிக்கவும் செய்தேன். துப்ப வேண்டிய நேரத்தில் உள்ளே போய்விட்டது. ஆகா, அது சரக்கு! நெஞ்சு வரை நெருப்பு. செர்ரி, பாதாம், பெல்ஜியம், பிராங்கிளின் எல்லாம் ஓடிப்போனது. மீதியை யாருக்காக வைப்பது?

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் பாக்கு, ஏலக்காய், ஓமம் என்று வாய் கொள்ளாமல் மென்றிருந்தேன். மூச்சைச் சின்னதாக விடுவது எப்படி என்றும் பழகிக்கொண்டே வந்தேன். அவள் ஊதச் சொல்வாள். ஏலக்காய் வாசனை என்பாள். பாஸ் என்பாள்.

மேஜையில் மூன்று காலி பாட்டில் வரிசையாக நின்றது. கோட்டைச் சுற்றி வைக்கப் பழைய பேப்பரை எடுத்தபோது பார்த்திருக்கிறாள். சில்வியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோட் அவள் மடியில். பிலோமி சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"அது பியரே இல்லம்மா!" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பிராங்கிளினையே கேளு. ஜூஸு. லேடீஸ்லாம் குடிக்கிறாங்களாம். சாமியாருங்க காய்ச்சறதாம். ஒண்ணுமே ஏறல எனக்கு. அதெல்லாம் கணக்குல வராதும்மா."

"கேட்டேன். போன் பண்ணி, இன்னா ஜூஸ் குட்த்தீங்கன்னு கேட்டேன்" என்றாள். "பியருன்னு சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் வெக்கப்பட்டுகினு சொல்லாம உட்டேன், அது என் தப்பு. வூட்டுக்கு வந்தவரு குட்த்தா நீ இன்னா பண்ணுவே? செர்ரிக்கு நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன் டாடி. இத்தினி நேரமா அத்ததான் மம்மிகிட்ட சொல்லிகினு இருந்தேன்."

நான் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அறை சின்ன அறை, எங்களுக்கு நடுவில் நாலடிகூட இல்லை. மின்விசிறி என் தலைக்கு மேலே சுற்றி என் மூச்சை அவள் பக்கம் தள்ளியது. ஏலக்காய், ஓமம் எல்லாம் என்ன செய்யும்?

அவள் ஊதச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும், மாட்டிக்கொள்கிறேன், காலில் விழுகிறேன் என்று இருந்தேன். அவள் ஊதச் சொல்லவில்லை. கோட்டைப் பட்டன் பட்டனாகப் போட்டு, கையை உள்ளே மடித்து, கடைப் பைக்குள் வைத்தாள். போனை எடுத்தாள்.

"அலெக்ஸ் மாமா, சில்வியா பேசறேன். உங்க கோட்டு சைஸ் இன்னா? நாப்பதா? இல்ல மாமா, டாடிக்கு எட்த்தது நாப்பத்திரெண்டு. பரவால்ல, மாத்திக்கலாம். பில்லு கீது."

பிலோமி ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அலெக்ஸாண்டர் நேவி ப்ளூ கோட்டில் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாற்பது சைஸும் அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. தேரில் வலம் வருகிற புனிதர் சொரூபத்துக்குப் போர்த்தினது மாதிரி இருந்தது. நான் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருந்தேன். அப்பாவுக்கு முட்டி வலி, நடக்க முடியாது என்று சில்வியா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம் என் முட்டியை விசாரித்தார்கள். ஒருத்தி தைலம் பேர்கூடச் சொன்னாள்.

ரிசப்ஷனில் பிராங்கிளின் சொன்னதைச் செய்துவிட்டான். கேக் வெட்டினதும் தட்டுத் தட்டாக அந்த ரோஸ் கலர் நுரை வந்தது. என் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். அலெக்ஸாண்டர் மைக்கில் ஆசீர்வாதம் சொல்லிக் கிளாஸைத் தூக்கினான். எல்லாரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மேடையிலிருந்து சில்வியா என்னைப் பார்க்கிறாள் என்று பார்க்காமலே தெரிந்தது. கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் பக்கத்து மேஜையில் வைத்தேன். அந்த இருமல் மருந்தைக் கையிலிருந்து விட எனக்கு முழு பலமும் வேண்டியிருந்தது. அது அவ்வளவு பெரிய சரக்காக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

குடும்பப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். "வாங்க மாமா" என்று பிராங்கிளின் கை கொடுத்து மேடையில் ஏற்றினான். முதல் முறையாக மாமா என்றான். முட்டி வலி என்று அவனும் நம்பியிருந்தான். நான் சில்வியாவின் பக்கத்தில் நின்றேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினோரு நாளும் ஒரு சொட்டு இல்லை. பதினோரு நாளும் அவள் ஊதச் சொல்லவும் இல்லை. குனிந்து, அவள் காதோரம் மல்லிகைச் சரம் அசைகிற அளவுக்கு, 'ஹா' என்று நானே ஊதினேன்.

அவள் திரும்பவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்:

"போட்டோ எடுக்கறாங்க டாடி. நேரா நில்லு."

நேராக நின்றேன்.